கரப்பான் போகாத கம்ப்யூட்டர் பீரோ

"இல்லைங்கம்மா, இதுக்குள்ள கரப்பான் பூச்சி மட்டும் போகவே போகாது."

வாடிப்பட்டியிலிருந்து பேத்தியைப் பார்க்க வந்திருந்த சம்பந்தியம்மா கரப்பான் பூச்சியைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. மடியில் கிடந்த பிள்ளையின் முகத்தை இப்படியும் அப்படியும் பார்த்துவிட்டு, "மூக்கு எங்க பக்கந்தான்" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார். அதற்குப் பிள்ளையின் தாத்தா நல்லகாமன் வாசலில் உட்கார்ந்து தகட்டைத் தேய்த்தபடியே சொன்ன பதில் இது.

காப்பியோடு வந்த அவர் மனைவி சோலையம்மாள் சிரித்தாள்.

"நீங்க ஒண்ணும் நெனைச்சுக்கிறாதீக மதினி. இவுககிட்ட மணி என்னன்னு கேட்டாலும் கரப்பான் போகாதுன்னுதான் சொல்லுவாக."

"அது சரி, அண்ணன் என்ன செய்றாக? குட்டி பீரோ மாதிரி இருக்கு. பேத்திக்கா?"

"கம்ப்யூட்டருக்கு" என்றார் நல்லகாமன், தலையை நிமிர்த்தி.

சம்பந்தியம்மா தகட்டைப் பார்த்தார், சோலையம்மாளைப் பார்த்தார்.

"கம்ப்யூட்டருக்கு எதுக்கு பீரோ? அது என்ன சேலை கட்டப் போகுதா?"

சோலையம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். நல்லகாமனுக்குக் கோபம் வரவில்லை. பேத்தி பிறந்த நாளிலிருந்து அவருக்குக் கோபம் வருவதே இல்லை. யார் என்ன சொன்னாலும் சிரிக்கிறார். கொடுத்த கடனைத் திருப்பிக் கேட்டு வந்தவனிடம்கூடச் சிரித்தாராம். அவன்தான் பயந்து போய்விட்டான்.

நல்லகாமனுக்குச் சொந்த ஊர் பேரையூர்ப் பக்கம். வானம் பார்த்த பூமி. மீசை அரும்புகிற வயதில் மதுரைக்கு வந்து ஒரு பீரோப் பட்டறையில் சேர்ந்தார். தகடு வெட்டக் கற்றுக்கொண்டார், வளைக்கக் கற்றுக்கொண்டார், வெல்டிங் வைக்கக் கற்றுக்கொண்டார். பேசுவதற்கு மட்டும் யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. அது அவருக்குத் தானாகவே வந்தது. பிறகு வண்டியூர் போகிற ரோட்டில், தெப்பக்குளம் தாண்டி, வீட்டை ஒட்டி ஒரு தகரக் கொட்டகை போட்டுச் சொந்தப் பட்டறை வைத்தார்.

வைத்த புதிதில்தான் அந்தக் கல்யாணம் நடந்தது. பொண்ணு வீட்டுச் சீராக நல்லகாமன் செய்த பீரோ மண்டபத்தில் நின்றது. மாப்பிள்ளையின் அத்தை நாலு பேரைக் கூட்டி வந்து, "எங்க வீட்டுக்கு வந்த பீரோவப் பாருங்கடி" என்று கதவைத் திறந்தார். உள்ளேயிருந்து ஒரு கரப்பான், நல்ல விளைந்த கரப்பான், பறந்து வந்து அத்தையின் பட்டு ரவிக்கையில் உட்கார்ந்தது. அத்தை இரண்டு கையையும் தூக்கி ஆட்டிக்கொண்டு மண்டபம் முழுக்க ஓடினார். கையை ஆட்டுவதைப் பார்த்த மேளக்காரர்கள் தாலி கட்டுகிறார்கள் என்று நினைத்துக் கெட்டிமேளம் அடித்துவிட்டார்கள். மாப்பிள்ளை அப்போதுதான் குளித்துக்கொண்டிருந்தாராம்.

அன்றிலிருந்து நல்லகாமனுக்குப் பட்டப்பெயர் கரப்பான் பீரோ. டீக்கடைக்குப் போனால், "வாங்க கரப்பான், சர்க்கரை தூக்கலாவா?" என்பார்கள். பெயர் மறையப் பல வருசம் ஆனது. அதற்கு அவர் செய்த வைத்தியம் ஒன்றுதான்: ஓட்டை இல்லாத பீரோ. கதவின் ஓரமெல்லாம் ரப்பர் ஒட்டினார். மூலை முடுக்கெல்லாம் பட்டிப் பசை வைத்து அடைத்தார். விற்கும்போது உள்ளே நாலு பாச்சை உருண்டை இலவசமாகப் போட்டார். ஆள் வந்து நின்றால், உள்ளங்கையால் பீரோவின் முதுகில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டுவார்.

"சத்தத்தக் கேட்டீகளா? தகடு! எறும்பு போறதுக்கே எங்கிட்ட அனுமதி கேக்கணும்."

தட்டித் தட்டி அது கைப்பழக்கமாகவே போய்விட்டது. பஸ்ஸில் ஏறினால் பஸ்ஸைத் தட்டுவார். மகளைப் பெண் பார்க்க வந்தவர்களின் காரையும் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே கூப்பிட்டார்.

அந்த மகள் சத்யப்ரியாதான் இப்போது பிள்ளைப்பேற்றுக்குத் தாய்வீடு வந்திருக்கிறாள். வரும்போது பெட்டி படுக்கையோடு கம்ப்யூட்டரும் வந்தது. அவளுக்குச் சென்னைக் கம்பெனி ஒன்றில் வேலை, வீட்டிலிருந்தபடியே. இன்னும் கட்டாத வீட்டைக் கட்டி முடித்தது மாதிரி கம்ப்யூட்டரில் செய்து காட்ட வேண்டும். வாசல் வழியாக நுழைந்து, சமையலறையைப் பார்த்து, மாடி ஏறி இறங்கலாம்.

"கட்டாத வீட்டுக்குள்ள நடந்து போறதுக்குச் சம்பளமா?" என்று நல்லகாமன் இன்னமும் கேட்பார்.

பாப்பாவைப் பற்றிச் சொல்லாவிட்டால் இந்தக் கதை நகராது. பிள்ளை என்றால் அப்படி ஒரு பிள்ளை. கொட்டாவி விட்டால் வீடே கூடி நின்று பார்க்கும், உலகத்தில் அதற்கு முன்னால் யாருமே கொட்டாவி விடாதது மாதிரி. தும்மினால் நல்லகாமன் பட்டறையை அப்படியே போட்டுவிட்டு ஓடி வருவார். கறுகறுவென்று முடி, வெல்லக்கட்டி மாதிரிக் கன்னம், மூக்கு... மூக்கு எந்தப் பக்கம் என்பது இன்னும் முடிவாகவில்லை. ஒரே ஒரு குறைதான். குறை என்றால் நல்லகாமன் சண்டைக்கு வருவார், அதனால் பழக்கம் என்று வைத்துக்கொள்வோம். கம்ப்யூட்டர் ஓடினால் பாப்பா தூங்காது.

அந்தக் கம்ப்யூட்டர் சும்மா இருக்கும்போது சாது. வீடு வரையத் தொடங்கினால் மாவு மில் மாதிரி இரையும். உள்ளே இருக்கிற காத்தாடிகள் சுற்ற, வெளித்தகடு கிடந்து அதிரும். பாப்பா கண்ணைத் திறந்து, உதட்டைப் பிதுக்கி, ஊரைக் கூட்டும். கம்ப்யூட்டரை நிறுத்தினால் பாப்பாவும் நிறுத்தும். வேறு இடமும் இல்லை. வீட்டில் இருப்பது ஓர் அறையும் ஒரு கூடமும். கூடத்துக்கு அடுத்த சுவரே பட்டறை.

சத்யப்ரியாவுக்குப் பிரசவ லீவு முடிந்து திங்கட்கிழமை வேலையில் சேர வேண்டும்.

"இன்னொரு தடவ லீவு கேட்டா தரமாட்டாங்கம்மா. எனக்குன்னு வச்சிருக்க வேலைய வேற ஆளுக்குத் தூக்கிக் குடுத்துருவாங்க" என்று ஒரு நாள் அவள் அம்மாவிடம் சொன்னாள். "பேசாம வேலைய விட்டுரவா?"

கதவோரம் நின்ற நல்லகாமன் காதில் அது விழுந்தது. உள்ளே வந்து கம்ப்யூட்டர்ப் பெட்டியை ஒரு தட்டுத் தட்டினார். பாப்பா முழித்துக்கொண்டது.

"இது தகடா? அப்பளம்! அதான் கெடந்து அதிருது. இதுக்குள்ள கரப்பான் குடும்பம் குட்டியோட இருக்கலாம். நான் ஒண்ணு செஞ்சு தாரேன் ஆத்தா. சத்தமே வெளிய வராது."

"அப்பா, இது பீரோ இல்லப்பா."

"எல்லாம் பொட்டிதான். சேலை வச்சா பீரோ, கம்ப்யூட்டர் வச்சா கம்ப்யூட்டர். அம்புட்டுதான்."

சத்யப்ரியாவும் சும்மா இருக்கவில்லை. பிள்ளை தூங்குகிற நேரம் பார்த்து, பெட்டி எப்படி இருக்க வேண்டும் என்று கம்ப்யூட்டரிலேயே படம் வரைந்து, சுற்றிச் சுற்றிக் காட்டினாள். பக்கவாட்டில் காற்றுக்கு வரிவரியாக இடம் விட்டிருந்தாள். நல்லகாமன் "பேஷ்" என்று சொல்லிவிட்டுப் போனவர்தான், அந்தப் படத்தை மறுபடி எட்டிப் பார்க்கவில்லை. தட்டிப் பார்க்க முடியாத எதன் மீதும் அவருக்கு நம்பிக்கை கிடையாது.

அவர் வழி வேறு. பட்டறைச் சிமெண்டுத் தரையில் சாக்பீஸால் பெட்டியைக் கோடு போட்டார். பழைய அட்டைப் பெட்டிகளை வெட்டி ஒட்டி மாதிரி ஒன்று செய்தார். தெப்பக்குளத்துப் பக்கம் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கும் ஹரிராமைக் கூப்பிட்டு, எது எங்கே உட்காரும் என்று கேட்டார். ஹரிராம் சௌராஷ்டிரக்காரர், பொறுமைசாலி. ஒவ்வொன்றாக விளக்கிவிட்டுக் கடைசியில், "காத்துக்கு மட்டும் வழி விட்டுருங்கண்ணே" என்றார்.

"அதான் கதவு வைக்கிறோம்ல தம்பி. தெறந்தா காத்து."

அவர் விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்து ஹரிராம் சிரித்துவிட்டுப் போனார். நல்லகாமன் விளையாடவில்லை.

சனிக்கிழமைக் காலை பெட்டி தயாராகிவிட்டது. நல்ல கனத்த தகடு, காப்பிக் கலர் பெயின்ட். பளபளவென்று கைப்பிடி, பூட்டு, இரண்டு சாவி. கதவில் முகம் பார்க்கும் கண்ணாடி. உள்ளே ஒரு மூலையில் லாக்கர்.

"கண்ணாடி எதுக்குங்க?" என்றாள் சோலையம்மாள்.

"கண்ணாடி இல்லாத பீரோவ எவன் வாங்குவான்?"

"யாருக்கு இப்ப விக்கப் போறோம்?"

நல்லகாமன் கண்ணாடியைத் துடைப்பது போலத் திரும்பிக்கொண்டார்.

ஹரிராம் வந்து பழைய பெட்டியிலிருந்து எல்லாவற்றையும் கழற்றி, புதியதில் அடியில் சின்னப் பித்தளைக் கால் வைத்துப் பூட்டினார். வயர்கள் வெளியே வர வேண்டிய இடத்தைக்கூட நல்லகாமன் விடாமல் ரப்பர் வைத்து இறுக்கினார். கதவைச் சாத்தி, கம்ப்யூட்டரை ஓட விட்டார்கள். சத்யப்ரியா ஒரு மாடி வீட்டை வரையச் சொல்லிக் கட்டளை கொடுத்தாள்.

சத்தம் இல்லை.

பாப்பா தொட்டிலில் வாயைச் சப்புக் கொட்டிக்கொண்டு தூங்கியது. நல்லகாமன் பேசவில்லை, பேசாமல் இருப்பதற்கு அவர் பட்ட பாடு முகத்தில் தெரிந்தது.

முதலில் வந்தது வாசனை. சத்யப்ரியா மூக்கைச் சுளித்துக் கதவைத் திறந்து, லாக்கரைத் திறந்தாள்.

"அப்பா! கம்ப்யூட்டருக்குள்ள பாச்சை உருண்டை வச்சீங்களா?"

"புதுப் பொட்டின்னா வைக்கிறதுதான ஆத்தா."

"பிள்ள இருக்குற ரூம்ல இது கூடவே கூடாதுன்னு டாக்டர் சொல்லிருக்காங்கப்பா!"

உருண்டைகள் தெருவுக்குப் போயின. ஜன்னலைத் திறந்து வைத்து, வாசனை போகும் வரை பாப்பாவைத் தொட்டிலோடு கூடத்துக்கு மாற்றினார்கள். கம்ப்யூட்டர்க் கதவை மறுபடி சாத்தினார்கள். கொஞ்ச நேரத்தில் திரை இருண்டது. மறுபடி போட்டார்கள், மறுபடி இருண்டது. ஹரிராம் பெட்டியைத் தொட்டுப் பார்த்துக் கையை உதறினார்.

"அண்ணே, நீங்க செஞ்சது பீரோ இல்ல, இட்லிக் கொப்பரை. சூடு வெளிய போக வழியே இல்ல. உள்ள கெடந்து வேகுது."

அந்த நேரம் பார்த்து ஹரிராமுக்குப் போன் வந்தது. தன் வீட்டுப் பாஷையில் ஏதோ சொல்லிச் சிரித்தார். நல்லகாமனுக்கு அந்தப் பாஷை தெரியாது. ஆனால் நடுவில் வந்த "பீரோ" மட்டும் நன்றாகப் புரிந்தது.

"இப்ப என்ன செய்யணும்?"

"கீழயும் பின்னாலயும் ஓட்ட போடணும்ணே. பெரிய காத்தாடியா ரெண்டு வச்சா மெதுவாச் சுத்தும், எரைச்சல் இருக்காது. ஆனா காத்து போக வர வழி வேணும்."

ஓட்டை. அந்தச் சொல்லைக் கேட்டதும் நல்லகாமன் முகம் விழுந்துவிட்டது.

"எம் பொட்டியில நானே ஓட்ட போடவா? தம்பி, இம்புட்டு வருசம் நான் அடைச்சதெல்லாம் எதுக்கு? நாளைக்கி ஒருத்தன் பாத்தான்னு வையி, கரப்பான் பீரோன்னு மறுபடி ஆரம்பிச்சுருவான். என் சம்பந்தி வீட்டு ஆளுக வந்து போற வீடு."

"அப்ப கதவத் தெறந்து வச்சுத்தான் ஓட்டணும்" என்று ஹரிராம் திறந்து காட்டினார். கண்ணாடி கடகடவென்று ஆடியது. கூடத்தில் பாப்பா முழித்துக்கொண்டது.

சத்யப்ரியா பிள்ளையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டாள். அவள் கத்தியிருந்தாலாவது நல்லகாமன் பதிலுக்குக் கத்தியிருப்பார். அவள் மெதுவாகச் சொன்னாள்: "பரவாயில்ல. பழைய பொட்டியிலயே மாட்டிருங்க ஹரிராம் அண்ணே. திங்கக்கெழம காலைல போன் பண்ணி, என்னால முடியலன்னு சொல்லிக்கிறேன்."

நல்லகாமன் வெற்றுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பட்டறைக்குப் போனார். தட்டுகிற சத்தம்கூட இல்லை. அதுதான் சோலையம்மாளுக்குக் கவலையாகப் போய்விட்டது. போய்ப் பார்த்தாள். மனுசன் பெட்டிக் கண்ணாடியில் தன் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"அழகு பாத்தது போதும், சாப்பிட வாங்க."

"பசிக்கல."

"நம்ம புள்ள வேலைக்கிப் போறது பெருசா, ஒங்க ஓட்ட பெருசா?"

"ஒனக்கென்ன தெரியும்? அந்தக் கல்யாணத்துல ஓடுனது நீயா, நானா?"

"ஓடுனது அந்த அத்தை" என்றாள் சோலையம்மாள். "எனக்கு ஒண்ணு மட்டும் சொல்லுங்க. கரப்பான் போகாத பீரோ செய்வேன்னு ஊரெல்லாம் தண்டோரா போடுறீகள்ல. கரப்பான் போகாத ஓட்ட செய்யத் தெரியாதா ஒங்களுக்கு?"

கேலிக்குத்தான் சொன்னாள். சொல்லிவிட்டுத் திரும்பினாள். அதற்குள் நல்லகாமன் எழுந்து, அவளைத் தாண்டி, சமையலறைக்குள் போய்விட்டார்.

"என்ன தேடுறீக?"

"ஒரு கரப்பான் வேணும்."

"நம்ம வீட்டுல ஏது கரப்பான்?" என்றாள் சோலையம்மாள், ரோசமாக.

நல்லகாமன் கேஸ் சிலிண்டரை நகர்த்தினார். ஒன்று ஓடியது. சோலையம்மாள் வாயை மூடிக்கொண்டாள்.

அடுத்து நடந்ததை நினைத்து அந்த வீட்டுக்காரர்கள் இன்னும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கிறார்கள். நல்லகாமன் தம்ளரைக் கவிழ்த்துப் பிடிக்கப் போக, அது அடுப்படியில் ஏறி, அலமாரியில் ஏறி, கடைசியில் கதவுக்கும் தரைக்கும் நடுவில் இருந்த இண்டில் உடம்பைத் தட்டையாக்கிக்கொண்டு வெளியே போனது. அவர் தரையில் குப்புறப் படுத்து அதைப் பார்த்தார்.

"ஏ சோலை, இங்க பாரு! படுத்துக்கிட்டே போகுது! நான் இம்புட்டு நாளும் நிக்கிற கரப்பானுக்குல கணக்குப் போட்டேன்!"

"எந்திரிங்க, யாராவது வந்தா என்ன நெனைப்பாக!"

அவர் எழுந்து தீப்பெட்டியை எடுத்தார். ஒரு குச்சியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். குச்சி போக வேண்டும், குச்சியின் மருந்துத் தலை போகக் கூடாது. ஓட்டைக்கு அளவு அதுதான் என்று முடிவு செய்தார். படுத்தாலும் சரி, ஒருக்களித்தாலும் சரி, எந்தக் கரப்பானும் அதில் நுழைய முடியாது.

ஹரிராம் பெட்டியின் அடியிலும் முதுகிலும் வட்டம் போட்டுக் கொடுத்தார். நல்லகாமன் துளைக்கத் தொடங்கினார். ஒவ்வொரு ஓட்டைக்கும் தீக்குச்சியை விட்டுப் பார்த்தார். "போதுமா தம்பி?" என்று அவர் கேட்க, "இன்னும் வேணும்ணே" என்று ஹரிராம் சொல்ல, சனிக்கிழமை அப்படியே போனது. பாப்பா தூங்கும்போதெல்லாம் துளைக்கிற மெஷினை நிறுத்திவிட்டு, முழிப்பதற்காகக் காத்திருந்தார்கள். தூங்க வைப்பதற்காகச் செய்கிற பெட்டி, பிள்ளை முழித்தால்தான் வளர்ந்தது.

அந்தப் பக்கமாகப் போன சோலையம்மாள் எட்டிப் பார்த்துக் கேட்டாள்: "ஏங்க, சல்லடை எம்புட்டு வெல?"

"பேத்தி வீட்டுக்குன்னா இனாம்" என்றார் நல்லகாமன். சிரிப்பு திரும்பி வந்திருந்தது.

ஞாயிற்றுக்கிழமை பிசிறு தேய்த்து, பெயின்ட் தொட்டு, வெயிலில் காய வைத்தார். அடியில் நாலு ரப்பர்க் கால் வைத்தார். சாயங்காலம் ஹரிராம் பெரிய காத்தாடிகளை மாட்டி, எல்லாவற்றையும் பூட்டி ஓட்டிப் பார்த்தார். முதுகுப் பக்கம் கையை வைத்தால் வெதுவெதுப்பாகக் காற்று வந்தது. திரை இருளவில்லை. காதை ஒட்டி வைத்தால், பாப்பா தூங்கும்போது விடுகிற மூச்சு மாதிரி லேசாக ஒரு சத்தம், அவ்வளவுதான். ஹரிராம் புறப்படும்போது, "அண்ணே, எனக்கும் ஒரு இட்லிக் கொப்பரை செஞ்சு குடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

லாக்கர் என்ன ஆனது என்று கேட்கலாம். கேலி செய்த சோலையம்மாளே பாப்பாவின் வெள்ளிக் கொலுசை அதில் வைத்துப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

இன்று திங்கட்கிழமை. காலையில் சத்யப்ரியா தலை சீவி, பொட்டு வைத்து, கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள். தொட்டிலில் பாப்பா தூங்கியது. அறைக்குள் யாரும் வரக் கூடாது என்று உத்தரவு. உத்தரவு எல்லோருக்கும் என்றாலும், போட்டது ஓர் ஆளுக்காகத்தான். சத்யப்ரியா போனில் யாரிடமோ, "ஆமா சார், சேந்துட்டேன், இன்னைக்கே ஆரம்பிச்சுடுறேன்" என்று தாழ்ந்த குரலில் சொன்னது கூடம் வரை கேட்டது. சோலையம்மாள் சாமிப் படத்தைப் பார்த்துக் கும்பிட்டாள்.

நல்லகாமன் பொறுத்துப் பொறுத்துப் பார்த்தார். பிறகு ஒரு துணியை எடுத்துக்கொண்டு, கண்ணாடி துடைக்கிறவர் மாதிரி, பூனை நடை நடந்து உள்ளே போனார். சத்யப்ரியா திரும்பிப் பார்த்து உதட்டில் விரலை வைத்தாள். அவரும் தலையாட்டி உதட்டில் விரலை வைத்தார். திரையில் ஒரு வீடு எழும்பிக்கொண்டிருந்தது. பெட்டி மூச்சு விட்டது, பாப்பா மூச்சு விட்டது. எது எதுவென்று அவரால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. நெஞ்சு நிறைந்து போனது. மனுசன் பேசவில்லை, அது உண்மை. ஆனால் கை அவர் பேச்சைக் கேட்கவில்லை. அது தானாக எழுந்து, உள்ளங்கையை விரித்து, பெட்டியின் முதுகில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டியது.

தகடு கணீரென்றது. பாப்பா கண்ணைத் திறந்தது, உதட்டைப் பிதுக்கியது, ஊரைக் கூட்டியது.

சத்யப்ரியா அப்பாவைப் பார்த்தாள். வாசலில் கரண்டியோடு வந்து நின்ற சோலையம்மாளும் பார்த்தாள். நல்லகாமன் தன் கையைத் தானே ஒரு தரம் முறைத்துப் பார்த்தார். பிறகு குனிந்து பிள்ளையைத் தொட்டிலிலிருந்து அள்ளித் தோளில் போட்டுக்கொண்டு, மகள் திரும்பவும் திரைப்பக்கம் திரும்பட்டும் என்று மெல்ல நடையைக் கட்டினார். போகிற போக்கில் பேத்தியின் காதில் சொன்னார்:

"அழுவாத தாயி, தாத்தா ஒன்னய அடிக்கல, பொட்டியத்தான் தட்டுனேன். வா, நாம பட்டறைக்குப் போயி பெரிய பெரிய பீரோவா தட்டுவோம். ஒங்க அம்மா வேலை பாக்கட்டும்."